காப்பி, பொய், களவு, போட்டுக்கொடுத்தல்: ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி பக்கத்துப் பள்ளிகளில் பாடம் நடத்துபவர்களும் மாணவர் ஆலோசனையில் இருப்பவர்களும் சேர்ந்து எழுதியது. பெற்றோர், ஆசிரியர், மாணவர் என்று மூன்று தரப்பின் கேள்விகளும் கலந்திருக்கின்றன. வேண்டிய கேள்விக்கு நேராகப் போய்விடலாம்.

கீழே கிடக்கும் காசைக்கூட எடுத்துக் கொடுக்கிற பையன், அரையாண்டில் பிட்டோடு பிடிபட்டிருக்கிறான். எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம். அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இரண்டு ஆய்வாளர்கள், பொய் சொல்லவும் பார்த்து எழுதவும் காசை எடுத்துக்கொள்ளவும் இடம் கொடுக்கும் சின்னச் சின்னச் சோதனைகளை ஏறத்தாழ 11,000 பள்ளிப் பிள்ளைகளிடம் வைத்துப் பார்த்தார்கள். 1928இல் முடிவு வெளியானது. ஓரிடத்தில் ஏமாற்றிய பிள்ளை இன்னோர் இடத்தில் நேர்மையாக நடந்தது. எங்கும் ஏமாற்றுகிறவர்கள் குறைவு, எங்குமே ஏமாற்றாதவர்களும் குறைவு. பின்னால் வந்தவர்கள் அதைக் கொஞ்சம் திருத்தினார்கள். பிள்ளைக்குப் பிள்ளை வேறுபாடு ஓரளவு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் சந்தர்ப்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பதை யாரும் மறுக்கவில்லை.

அதனால் "களவாணிப் பய" என்று முத்திரை குத்துவதற்கு முன் நான்கு விஷயம் விசாரியுங்கள். எந்தப் பாடம்? எத்தனை மதிப்பெண் கேள்விக்கான பிட்டு? எப்போது எழுதியது? மார்க் குறைந்தால் யாருக்குப் பயந்தான்? கணக்கில் மட்டும் பிட்டு என்றால் பாடம் பிடிபடவில்லை. பெரும்பாலும் ஏழாம், எட்டாம் வகுப்பில் பின்னத்திலோ இயற்கணிதத்திலோ விட்டுப்போன இடம் இருக்கும். எல்லாப் பாடத்திலும் நெடுவினாவுக்கு என்றால் முந்தின பத்து நாள் புத்தகத்தைத் திறக்கவில்லை. முதல் மூன்று இடத்துக்குள் வருகிற பிள்ளை ஒரு மதிப்பெண் விடைகளை மட்டும் உள்ளங்கையில் எழுதி வைத்திருந்தால், வீட்டில் 480க்கும் 490க்கும் நடுவில் சண்டை நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மூன்று பேருக்கும் ஒரே தண்டனை கொடுத்தால் மூன்று பேரிடமும் எதுவும் மாறாது.

பள்ளித் தேர்வில் பிட்டைப் பார்த்துவிட்டேன். அந்த நிமிடம் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்?

சத்தம் போடாமல் பக்கத்தில் போய் பிட்டை வாங்கிக்கொள்ளுங்கள். விடைத்தாளில் அதுவரை எழுதிய இடத்துக்குக் கீழே ஒரு கோடு இழுத்து, நேரத்தைக் குறித்துக் கையெழுத்துப் போடுங்கள். பிட்டின் பின்புறம் தேதி, அறை எண், பாடம் எழுதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அவனைத் தொடர்ந்து எழுத விடுங்கள். இது பலருக்கு ஒப்பாது. "பிடிச்சவனை எழுத விடுறதா?" என்பார்கள். காரணம் இருக்கிறது. கோட்டுக்குக் கீழே அவன் சொந்தமாக எழுதுவதில்தான் அவனுக்கு என்ன தெரியும் என்பது தெரியவரும். அறையில் மற்ற பிள்ளைகளின் நேரமும் கெடாது. நாற்பது பேர் முன்னால் வெளியே தள்ளப்பட்ட பிள்ளை அன்றைக்கு மத்தியானம் எங்கே போகும், என்ன செய்துகொள்ளும் என்பது யாருக்கும் தெரியாது. மூன்றாவது காரணம் அதுதான், எங்களுக்கு அதுவே முதல் காரணம்.

பேச்சு அன்றைக்கே நடக்க வேண்டும். இன்னோர் ஆசிரியர் உடனிருக்க, கதவு திறந்திருக்க, பிள்ளையை உட்கார வைத்துப் பேசுங்கள். "ஏன்டா இப்படிப் பண்ணினே?" என்று தொடங்கினால் சாக்குதான் வரும். "இதை எப்ப எழுதினே, எவ்வளவு நேரமாச்சு?" என்று கேட்டால் விவரம் வரும். நுணுக்கி நுணுக்கி இரண்டு மணி நேரம் எழுதியிருப்பான். அதே இரண்டு மணி நேரத்தில் அந்தக் கேள்வியைப் படித்தே முடித்திருக்கலாம் என்பது சில சமயம் அவனுக்கே அப்போதுதான் உறைக்கும்.

வீட்டுக்குச் சொல்லப் போவதை முதலில் அவனிடம் சொல்லிவிட்டுப் பிறகு போன் செய்யுங்கள். போனில் பெற்றோரிடம் கேட்க வேண்டியது ஒன்று: "இன்னைக்கு ராத்திரி வையாம, அடிக்காம இருங்க. நாளைக்கு வாங்க, பேசுவோம்." பிள்ளை ஒன்றுமே பேசாமல் இறுகிப்போயிருந்தால் தனியாக வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

தண்டனை: கோட்டுக்கு மேலே எழுதியதற்கு மதிப்பெண் இல்லை. ஒரு வாரத்துக்குள் அதே பாடத்தில் வேறு வினாத்தாள். காலை பிரேயரில் பெயரைச் சொல்லி நிறுத்துவது கூடவே கூடாது. அதில் மற்றவர்கள் கற்றுக்கொள்வது இனி மாட்டாமல் எழுத வேண்டும் என்பதை மட்டும்தான்.

பொதுத்தேர்வில் மாட்டினால் என்ன ஆகும்?

அங்கே அறைக் கண்காணிப்பாளர் தன் இஷ்டத்துக்கு விடவோ பிடிக்கவோ முடியாது. முதன்மைக் கண்காணிப்பாளர், துறை அலுவலர் வழியாக அறிக்கை அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போகும். மாணவரிடம் எழுத்தில் விளக்கம் வாங்குவார்கள். குற்றத்தின் அளவைப் பொறுத்து அந்தத் தாளோ மொத்தத் தேர்வோ ரத்தாகலாம். அடுத்து வரும் தேர்வுகளுக்குத் தடையும் வரலாம். விடைத்தாள் முகப்பில் புகைப்படமும் பார்கோடும் இருப்பதால் தாளை மாற்றிக்கொள்ளும் பழைய வித்தைகளுக்கு இடமில்லை.

பல மாணவருக்குத் தெரியாத ஒன்று: தான் எழுதிய விடைகள் அனைத்தையும் தானே கோடு போட்டு அடித்துவிட்டு வருவதும் ஒழுங்கீனச் செயல்தான். "சரியா எழுதல, அடிச்சுட்டா ஃபெயில் போடுவாங்க, துணைத் தேர்வுல நல்லா எழுதிக்கலாம்" என்று கணக்குப் போட்டு அடிக்கிறவர்கள் இதில் போய் விழுகிறார்கள். அடிக்காமல் விட்டுவிட்டு வந்தாலே ஜூன், ஜூலையில் வரும் துணைத் தேர்வை எழுதலாம்.

நீட், ஜேஇஇ போன்ற மத்திய தேர்வுகளுக்கு 2024இல் தனிச் சட்டம் வந்திருக்கிறது. வினாத்தாள் கசியவிடுவோர், கும்பலாக மோசடி செய்வோர் மேல் பாயும் சட்டம் அது. 3 ஆண்டு முதல் 10 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரையும் அதற்கு மேலும் அபராதம் உண்டு. தேர்வெழுதும் பிள்ளை பழைய விதிகளுக்கே உட்பட்டவர். அதற்காக ஆள்மாறாட்டத்தைச் சின்னதாக நினைக்க வேண்டாம். 2019இல் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் வெளிவந்த நீட் ஆள்மாறாட்ட வழக்கில் மாணவரோடு தந்தையும் கைதானார்.

பிட்டும் சைகையும் வராமல் தடுக்க என்ன செய்யலாம்?

காவலைக் கூட்டுவது கடைசி வேலை. வினாத்தாள்தான் முதல் வேலை. பாடப்புத்தகத்தின் பயிற்சிக் கேள்விகளையே வார்த்தை மாறாமல் கேட்டால், பள்ளிக்கு எதிரே இருக்கிற ஜெராக்ஸ் கடையில் கைடைச் சுருக்கி மைக்ரோ ஜெராக்ஸ் எடுத்து வருவது சுலபம். கணக்கில் எண்களை மாற்றுங்கள். அறிவியலில் "விளக்குக" என்பதோடு "இந்தப் படத்தில் இந்தப் பாகம் வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும்" என்று ஒரு வரி சேருங்கள். பிட்டு அங்கே ஊமையாகிவிடும்.

சைகை ஓடுவது ஒரு மதிப்பெண் கேள்விகளில். பத்தாம் வகுப்புக் கணக்கில் அப்படி 14 கேள்விகள்; அ, ஆ, இ, ஈ என்பதற்கு ஒன்று முதல் நான்கு விரல் போதும். கேள்வி வரிசையை மாற்றி இரண்டு வகைத் தாள் அடித்து, பக்கத்துப் பக்கத்து இருக்கைக்கு மாற்றி மாற்றிக் கொடுத்தால் பாதித் தலைவலி தீரும். ஒரு மதிப்பெண் பகுதியை முதல் 20 நிமிடத்தில் தனித்தாளாக வாங்கிவிடுவது இன்னும் நல்லது. கடைசி கால் மணி நேரத்தில்தான் விரல்கள் அதிகம் பேசும்.

அடுத்தது, தினசரி ஸ்லிப் டெஸ்ட். பத்து மார்க் டெஸ்ட்டை வைத்து, சாயங்காலம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் மார்க் பட்டியல் போடும் பள்ளிகள் இருக்கின்றன. வாரத்துக்கு ஆறு நாள், வீட்டில் ஆறு விசாரணை. இப்படி வைத்தால் நல்ல பிள்ளையும் காப்பியடிக்கும். பழகுவதற்கான டெஸ்ட்டின் மார்க்கை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். காலாண்டு, அரையாண்டு, திருப்புதல் தேர்வு மார்க் போனால் போதும்.

சில இடங்களில் ஆசிரியரே ஒரு மதிப்பெண் விடைகளைச் சொல்லித் தருகிறாராமே?

நடக்கிற இடங்களில் நடக்கிறது. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் கூட்டத்தில் எழுப்பி நிறுத்துவார்கள் என்ற பயம் ஆசிரியருக்கும் உண்டு. அது புரிகிறது, ஆனாலும் அந்த ஆசிரியர் மறுநாள் பிட்டுப் பிடிக்கப் போனால் பிள்ளைகள் சிரிக்கத்தான் செய்வார்கள்.

வீட்டுப்பாடத்தையும் ரெக்கார்ட் நோட்டையும் வகுப்பே ஒரே நோட்டைப் பார்த்து எழுதுகிறது. இதையும் ஏமாற்று என்று சொல்ல வேண்டுமா?

இரண்டையும் பிரித்துப் பாருங்கள். ரெக்கார்ட் நோட்டில் நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை ஆகியவை எல்லோருக்கும் ஒன்றுதான். பார்த்து எழுதுவதில் குற்றமில்லை. அளவீட்டு அட்டவணையைப் பார்த்து எழுதுவதுதான் பொய். தனி ஊசலில் 20 அலைவுக்கு இவ்வளவு நொடி என்று ஐம்பது பேர் நோட்டிலும் கடைசித் தசமம் வரை ஒரே எண் இருந்தால், நாற்பத்தெட்டுப் பேர் ஊசலைத் தொடவே இல்லை. இதற்கு வழி, அளவெடுத்த அன்றே அட்டவணையில் ஆசிரியர் சுருக்கொப்பம் போடுவது. "புத்தக விடைக்குப் பக்கத்தில் வந்தால்தான் மார்க்" என்பதையும் கைவிட வேண்டும். விடை தள்ளிப்போய், ஏன் தள்ளிப்போனது என்று ஒரு வரி எழுதியவருக்கு முழு மார்க் கொடுங்கள். எண்ணைத் திருத்தி எழுதும் பழக்கம் தேவையில்லாமல் போகும்.

வீட்டுப்பாடத்தில் காரணத்தை முதலில் கேளுங்கள். மல்லிகை பறிக்கும் ஊர்களில் விடியுமுன்னே தோட்டத்துக்குப் போய்விட்டுப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் உண்டு. அப்படிப்பட்ட பிள்ளை ராத்திரி தூங்கிவிடும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதும். ஐந்து பாடத்துக்கும் சேர்த்து ஒரு நாள் வீட்டுப்பாடம் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டினால், குறைக்க வேண்டியவர்கள் ஆசிரியர்கள். நாளுக்கு இரண்டு பாடம் என்று தங்களுக்குள் முறை போட்டுக்கொள்ளலாம்.

சாட்ஜிபிடியில் எழுதி வாங்கிக் கட்டுரை கொடுக்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பித் தண்டிக்காதீர்கள். மனிதர் எழுதியதையும் இயந்திரம் எழுதியதென்று காட்டும். கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று நிமிடம் வாய்மொழியாகக் கேளுங்கள்: இந்தப் பத்தியில் என்ன சொல்கிறாய், இந்தச் சொல்லுக்கு என்ன பொருள், இதை எங்கே பார்த்தாய். தானாக எழுதியவர் தடுமாறினாலும் சொல்லிவிடுவார். தலைப்பையும் மாற்றுங்கள். "நீர் மேலாண்மை" என்று கொடுத்தால் இயந்திரம் எழுதும். "உங்கள் ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர் எந்த வாய்க்கால் வழியாக வருகிறது, மடை எத்தனை, இப்போது எது அடைத்திருக்கிறது" என்று கொடுத்தால் தாத்தாவிடம்தான் போய்க் கேட்க வேண்டும்.

மாணவர் கேள்வி: நான் பார்த்து எழுதல. ஃப்ரெண்டுக்குக் காட்டினேன், அவ்வளவுதான். அதுவும் தப்பா?

தேர்வு விதிப்படி இருவருக்கும் ஒரே குற்றம். விதியை விடுங்கள். காட்டாவிட்டால் "ரொம்பப் பண்றான்" என்பார்கள், அந்தக் கஷ்டம் நிஜம். தப்பிக்க ஒரு வழி: தேர்வுக்கு முந்தின நாளே, "ஹால்ல என்கிட்ட கேக்காதே, இப்ப கேளு, சொல்லித்தாறேன்" என்று சொல்லிவிடுங்கள். அறைக்குள் மறுப்பதுதான் நட்பைக் கெடுக்கும். முன்னாலேயே சொன்னால் அவ்வளவாகக் கெடாது. மூன்று ஒரு மதிப்பெண் விடை சொன்னதால் அவன் பாஸ் ஆகப்போவதில்லை. சாயங்காலம் ஒரு மணி நேரம் கூட உட்கார்ந்தால் ஆகலாம்.

மாணவர் கேள்வி: ஒருத்தன் செஞ்சது தெரியும். சார்கிட்டச் சொன்னா போட்டுக்கொடுத்தவன்னு பேர் வரும். என்ன பண்ண?

எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. யாரோ வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதியதை ஓடிப்போய்ச் சொல்வது உங்கள் வேலை அல்ல. ஆனால் இவற்றைச் சொல்லியே ஆக வேண்டும்: யாருக்காவது அடிபடுகிறது, மிரட்டிக் காசு பறிக்கிறார்கள், ஒரு பெண்ணின் படத்தைச் சுற்றுக்கு விடுகிறார்கள், கூல் லிப் மாதிரிப் புகையிலையோ போதைப்பொருளோ கைமாறுகிறது, ஒருவர் செத்துப்போவேன் என்கிறார், அல்லது செய்யாத ஒருவர் மேல் பழி விழுகிறது. கடைசியாகச் சொன்னதில் வாய்மூடி இருப்பதும் பொய்தான்.

எல்லோரும் பார்க்க ஸ்டாஃப் ரூமுக்குப் போகாதீர்கள். நோட்டுத் திருத்த வைக்கும்போது உள்ளே ஒரு துண்டுச் சீட்டு வைக்கலாம். பள்ளிக்குள் யாரிடமும் சொல்ல முடியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098 அல்லது கல்வித் துறையின் 14417க்குக் கூப்பிடலாம். ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: சொன்ன பிள்ளையின் பெயர் ஒருமுறை கசிந்தால், அந்த வகுப்பிலிருந்து அடுத்த மூன்று வருடத்துக்கு உங்களுக்கு ஒரு தகவலும் வராது.

பிடிபட்டதும் "எல்லாரும் பண்றாங்க" என்கிறார்கள். இதற்கு என்ன பதில்?

சைக்ஸ், மாட்ஸா என்ற சமூகவியலாளர்கள் 1957இல் இந்தச் சாக்குகளை ஐந்தாக வகைப்படுத்தினார்கள். மதுரைப் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: "நான் என்ன பண்ண, சார் நடத்தவே இல்ல." "யாருக்கு நட்டம்?" "அவனுக்கு வேணும்." "நீங்க மட்டும் ஒழுங்கா?" "ஃப்ரெண்டுக்காகப் பண்ணினேன்." சரி எது தப்பு எது என்று தெரியாதவருக்குச் சாக்கு தேவைப்படாது. தெரிந்தே செய்ததால்தான் சாக்கு தேடுகிறார். ஆகவே அறவுரை வேண்டாம், சாக்கை மட்டும் பரிசோதியுங்கள். "சார் நடத்தல" என்பது உண்மையாகவும் இருக்கலாம். கணித ஆசிரியர் பணியிடம் நான்கு மாதம் காலியாக இருந்த பள்ளியில் அது சாக்கே அல்ல. "எல்லாரும்" என்றால் பேர் கேட்காமல் எண் கேளுங்கள்: நாற்பதில் எத்தனை பேர்? விரல்விட்டு எண்ணத் தொடங்கினால் "எல்லாரும்" ஏழெட்டுப் பேராக இறங்கிவிடும்.

வீட்டில் எடுத்ததற்கெல்லாம் பொய். டியூஷன் போனதாகச் சொல்லிவிட்டு வேறெங்கோ போகிறாள். எப்படிக் கேட்பது?

தெரிந்துகொண்டே தெரியாத மாதிரிக் கேட்காதீர்கள். டியூஷன் சார் போன் பண்ணிச் சொன்ன பிறகு, "இன்னைக்கு என்ன நடத்தினாங்க?" என்று கேட்பது பொறி வைப்பது. பிள்ளை ஒரு பொய்யோடு நின்றிருக்கும். நீங்கள் கேட்டதால் இரண்டாவதும் சொல்லும். "நீ இன்னைக்கு டியூஷன் போகலைன்னு சார் சொன்னாரு. எங்க போயிருந்தே?" என்று தெரிந்ததை முதலில் வையுங்கள்.

"உண்மையைச் சொல்லு, இல்லைன்னா தோலை உரிச்சுருவேன்" என்பதும் வேலைக்காகாது. கனடாவில் விக்டோரியா டால்வர் குழுவினர் 4 முதல் 8 வயதுப் பிள்ளைகள் 372 பேரிடம் நடத்திய ஆய்வு 2015இல் வெளிவந்தது. தண்டனை உண்டு என்று சொல்லப்பட்ட பிள்ளைகள்தான் உண்மையைக் குறைவாகச் சொன்னார்கள். அது சின்னப் பிள்ளைகளைப் பற்றியது. பதினைந்து வயதில் பொய் இன்னும் சுத்தமாக வரும், அவ்வளவே வேறுபாடு.

உண்மைக்கும் பொய்க்கும் விலையில் வித்தியாசம் தெரிய வேண்டும். டியூஷன் கட் அடித்ததற்கு ஒரு விளைவு இருக்கட்டும், உதாரணமாக அந்த ஞாயிறு வெளியே போவதில்லை. தானே வந்து சொன்னால் அது பாதியாகட்டும். சொன்ன பிறகும் முழுசாக வைதால், அடுத்த முறை சொல்ல அவளுக்குப் பைத்தியமா? அவள் போன இடத்தையும் கேளுங்கள். பெரும்பாலும் கடைவீதியோ தோழி வீடோதான். சில சமயம் டியூஷனிலேயே யாரோ தொல்லை கொடுப்பதால் போகாமல் இருந்திருப்பாள். "கட் அடிச்சா" என்றதும் கத்தத் தொடங்கினால் இந்த இரண்டாவது சேதி உங்கள் காதுக்கு வரவே வராது.

பிராக்ரஸ் கார்டில் அப்பா கையெழுத்தை அவனே போட்டிருக்கிறான்.

முதல்முறை என்றால் பள்ளியும் வீடும் அரை மணி நேரத்தில் முடித்துக்கொள்ளலாம்: அதே கார்டில் அப்பா அசல் கையெழுத்துப் போடுவார், பையன் பக்கத்தில் நிற்பான், மார்க்கைப் பற்றி மட்டும் பேச்சு. கார்டு வாங்கிய அன்று வீட்டில் என்ன நடக்கும் என்பதைப் பார்த்தால் ஏன் போட்டான் என்பது விளங்கும். பெற்றோர் கையெழுத்துப் போடத் தெரியாதவர்களாகவோ திருப்பூர், கேரளா பக்கம் வேலைக்குப் போனவர்களாகவோ இருந்தால், பல மாதமாக அவனே போட்டுக்கொண்டிருப்பான். அப்போது பாட்டியின் பெருவிரல் ரேகையோ ஒரு போன் பேச்சோ போதும் என்று பள்ளி விதியைத் தளர்த்துங்கள்.

லீவு லெட்டரில் "காய்ச்சல்" என்று எழுதுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதானே?

ஆமாம், பொய் எழுதக் கற்றுக்கொடுக்கும் முதல் பாடமே அதுதான். மாசியில் குலசாமி கும்பிடுக்குப் போகும் குடும்பம் மூன்று நாள் ஊரில் இருக்கும். பொங்கல் விடுமுறை முடிந்தும் ஜல்லிக்கட்டுக்கு வந்த சொந்தக்காரர் வீட்டை விட்டுப் போகமாட்டார். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு உள்ளூர் விடுமுறை உண்டு, அதற்கு முன்னும் பின்னும் கிடையாது. எல்லாக் கடிதத்திலும் காய்ச்சல்தான். "குலசாமி கும்பிடு, இரண்டு நாள் விடுப்பு" என்று எழுதினால் ஆசிரியர் வைவார் என்பதால்தான் காய்ச்சல் வருகிறது. உண்மைக் காரணத்துக்கும் விடுப்பு கொடுங்கள். பெற்றோருக்கு: செய்முறைத் தேர்வு நடக்கும் பிப்ரவரியில் மட்டும் தேதியை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வகுப்பில் காசு காணோம். பையைச் சோதிக்கலாமா?

முதலில் காணாமல் போனதா என்று பாருங்கள். கடைசியாக எப்போது பார்த்தாய், எந்த அறையில், எத்தனை நோட்டு? டூர் காசை செலவழித்துவிட்டு "காணோம்" என்று அழும் பிள்ளைகளும் உண்டு. நிஜமாகவே போயிருந்தால், அன்றைக்கே திருப்பி வைக்க ஒரு வழி விடுங்கள். காலியான அறையில் ஒரு அட்டைப்பெட்டி; எல்லாரும் ஒவ்வொருவராக உள்ளே போய், மடித்த தாள் ஒன்றைப் போட்டுவிட்டு வரட்டும். எடுத்தவரும் தாளுக்குள் காசை மடித்துப் போடலாம். யார் என்று கேட்கப் போவதில்லை என்று முன்னாலேயே சொல்லுங்கள், சொன்னபடி கேட்காமலும் இருங்கள். மறுநாள் ஆனால் காசு செலவாகிவிடும், இந்த வழி பலிக்காது.

உடம்பில் கை வைத்துச் சோதிப்பது கூடாது. பையைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் தலைமை ஆசிரியர் முன்னிலையில், எல்லார் பையையும், அவரவரே திறந்து காட்டட்டும். யார் பையிலிருந்து தொடங்குகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். விடுதிப் பிள்ளை, புதிதாகச் சேர்ந்த பிள்ளை, சட்டை கிழிந்த பிள்ளை, "அந்தத் தெரு"ப் பிள்ளை என்று கண் தானாகப் போகும். சாதியை வைத்துச் சந்தேகப்படுவதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. முதலில் திறக்கச் சொல்லும் பை சொல்லிவிடும். வருகைப் பதிவேட்டின் கடைசி எண்ணிலிருந்து தொடங்குங்கள்.

கிடைக்காவிட்டால் வகுப்பு முழுவதும் ஆளுக்குப் பத்து ரூபாய் என்று வசூலிக்காதீர்கள். அது 39 நிரபராதிகளுக்கு அபராதம். இனிமேலாவது தேர்வுக் கட்டணம், டூர் காசு எதையும் வகுப்புத் தலைவன் கையில் சேர்த்து வைக்காமல், முதல் பீரியடிலேயே அலுவலகத்தில் கட்டி ரசீது வாங்க வையுங்கள். பி.டி. பீரியடில் வகுப்பைப் பூட்டுங்கள். பாதிக் களவு அந்த நாற்பது நிமிடத்தில்தான்.

பதினெட்டாம்படிக் கருப்பு சந்நிதியில் சத்தியம் பண்ணச் சொல்லலாமா? ஊரில் அப்படித்தான் தீர்ப்பார்கள்.

அழகர்கோவிலில் பெரியவர்கள் வழக்கைத் தீர்க்கும் முறை அது. பிள்ளைகளுக்கு வேண்டாம். செய்யாத பிள்ளையும் பயத்தில் "நான்தான்" என்று சொல்லிவிடும். செய்த பிள்ளை துணிந்து சத்தியம் பண்ணிவிட்டால், பிறகு வரும் சாதாரண வயிற்றுவலிக்கும் ராத்திரி தூக்கம் கெடும். வேறு மதத்துப் பிள்ளையை இதில் இழுப்பது தனிப் பிரச்சினை. வெற்றிலையில் மை போட்டுப் பார்ப்பதற்கும் இதே பதில்.

நாலு போடு போட்டால் திருந்தமாட்டானா? இல்லையென்றால் டி.சி. கொடுத்துவிடலாமே?

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடியையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. 16ஆம் பிரிவின்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்ற முடியாது. ஒன்பதுக்கு மேலும் அடி சட்டப்படி செல்லாது. சட்டத்தைத் தள்ளி வைத்தாலும் கணக்கு உதைக்கிறது: அடி வாங்கியதும் "கடன் தீர்ந்தது" என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். மறுபடி தேர்வெழுதுவது, திருப்பிக் கொடுப்பது, மன்னிப்புக் கேட்பது ஆகியவற்றில் அப்படிச் சுலபமாகத் தீராது. டி.சி. கொடுத்தால் பிரச்சினை பக்கத்துப் பள்ளிக்குப் போகும். நடுவருடத்தில் போன பிள்ளை பல சமயம் எந்தப் பள்ளிக்கும் போகாமல் பட்டறைக்கோ கடைக்கோ வேலைக்குப் போய்விடும்.

எப்போது ஆலோசகரிடம் போக வேண்டும்?

பொய்யோடு களவு, ஊரைவிட்டு ஓடுவது, மிருகங்களை வதைப்பது போன்றவை சேர்ந்து பல மாதம் தொடர்ந்தால். லாபமே இல்லாத இடத்திலும் கதை விட்டால். ஆன்லைன் விளையாட்டில் காசு போய்க்கொண்டிருந்தால். அல்லது பிடிபட்ட பிறகு சாப்பாடு, தூக்கம் குறைந்துபோனால். மதுரை அரசு இராசாசி மருத்துவமனை மனநலப் பிரிவில் பார்க்கலாம். போனில் பேச அரசு உதவி எண்கள் 104, 14416. சாகப்போவதாகச் சொன்னால் "சும்மா மிரட்டுறான்" என்று விடாமல், அன்றைக்கே கூட்டிப் போங்கள்.

மாணவர் கேள்வி: போன பரீட்சையில் பார்த்து எழுதி 78 வாங்கினேன். யாருக்கும் தெரியாது. சொல்லணுமா?

பள்ளித் தேர்வு என்றால், அந்தப் பாட ஆசிரியரிடம் சொல்வது நல்லது, கட்டாயப்படுத்த யாருமில்லை. எல்லாக் கதையும் வேண்டாம், மூன்று வரி போதும்: "சார், அரையாண்டுல இந்த இரண்டு கேள்வியை நான் பார்த்து எழுதினேன். இந்த மார்க்கைக் குறைச்சுருங்க. மறுபடி டெஸ்ட் வெச்சா எழுதுறேன்." யாரைப் பார்த்து எழுதினீர்கள் என்று அவர் கேட்டால், "என் தப்பை மட்டும் சொல்ல வந்தேன் சார்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. நல்ல ஆசிரியர் அதற்கு மேல் கேட்கமாட்டார். சொல்லத் தைரியம் வரவில்லை என்றால், அந்த இரண்டு கேள்விகளையும் இந்த வாரமே பார்க்காமல் எழுதிப் பாருங்கள். பொதுத்தேர்வில் அதே பாடத்திலிருந்து கேள்வி வரும், பக்கத்தில் உங்கள் பள்ளிப் பிள்ளை உட்கார்ந்திருக்கமாட்டார்.